‘லிஸ்டில் இல்லை’ என்று முடிவு செய்வது யார்?

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. அவருடைய அப்பா ரப்பர் பால் வெட்டிக் குடும்பத்தைக் கரையேற்றியவர். வாயில் புற்றுநோய் வந்து ஆபரேஷன், ரேடியேஷன் எல்லாம் முடிந்து, இப்போது திரும்ப வந்திருக்கிறது. டாக்டர் இம்யூனோதெரபி ஊசி (உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே புற்றுநோய்க்கு எதிராகப் போராட வைக்கிற மருந்து) எழுதியிருக்கிறார், மூன்று வாரத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றும் ஒன்றரை லட்சம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை நீட்டினால் ‘லிஸ்டில் இல்லை’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு நாலு வருஷமாக இதே அட்டையில் டயாலிசிஸ் நடக்கிறது. ‘அவருக்கு உண்டு, எங்க அப்பாவுக்கு இல்லையா? இந்த லிஸ்டை யார் போடுகிறார்கள்? இது சட்டப்படி செல்லுமா?’ என்று கேட்கிறார்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வரி. நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஒன்பது வருஷம் காப்பீட்டு டெஸ்க்கில் இருந்தவன் நான். அந்த ‘லிஸ்டில் இல்லை’யை நானே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன், ஆளின் முகத்தைப் பார்க்காமல் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி. அந்தக் கடனுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். எந்தெந்தச் சிகிச்சைக்கு இந்த அட்டையில் பணம் என்று அரசு ஒரு பட்டியல் போடுவது சட்டப்படி செல்லும். அதில் ஒரு மருந்து இல்லாமல் போவதும் செல்லும். ஆனால் ஏன் இல்லை என்று சொல்லாமல் விரட்டுவதும், ஒரே நிலையில் இருக்கிற ரெண்டு பேரை ரெண்டு விதமாக நடத்துவதும், முடிவை எதிர்த்துக் கேட்க ஒரு வாசல்கூட வைக்காமல் இருப்பதும் செல்லாது. தம்பி, நீங்கள் சண்டை போட வேண்டிய இடம் இந்த இரண்டாவது பாதி. முதல் பாதியில் போய் மோதினால் தலைதான் வலிக்கும்.

சரி, பட்டியலை யார் போடுகிறார்கள்? நிறையப் பேர் நினைப்பது போல இன்சூரன்ஸ் கம்பெனி அல்ல. 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது, 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது, 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு சேர்ந்தது. இந்த மூன்று கட்டத்திலும் எந்தச் சிகிச்சை, எவ்வளவு தொகை என்று அரசுதான் ஆணை போட்டது. கம்பெனி டெண்டரில் வந்து பிரீமியத்தை வாங்கிக்கொண்டு பணம் கொடுக்கிற வேலையைச் செய்கிறது. மத்திய திட்டத்தின் பட்டியலைத் தேசிய சுகாதார ஆணையம் வைத்திருக்கிறது. 2018-ல் ஏறத்தாழ 1,400 சிகிச்சைகளோடு தொடங்கி, 2022 பதிப்பில் அது 1,949 ஆனது. ஆக, பட்டியல் கல்லில் வெட்டியதில்லை, ஏறியும் இறங்கியும் வருகிற ஒன்று. எந்த மருந்து கொடுக்கிற காசுக்குத் தகுந்த பலன் தருகிறது என்று ஆராய்ந்து சொல்ல மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறைக்குக் கீழே 2017-ல் ஓர் அமைப்பும் உருவாக்கினார்கள். அது பரிந்துரை மட்டுமே செய்யும். ‘இந்த மருந்தைச் சேர்ப்பது பற்றிப் பேசினோம், இந்தக் காரணத்தால் சேர்க்கவில்லை’ என்று மக்களுக்கு விளக்கம் சொல்லியே ஆக வேண்டும் என்று இந்தப் பட்டியலுக்கென்று யாரையும் கட்டிப்போடுகிற தனிச் சட்டம் நம்மிடம் இல்லை. என் கணக்கில் பெரிய ஓட்டை இங்கேதான்.

இனி பணத்துக்கு வருவோம். கேட்கக் கஷ்டமாக இருக்கும், ஆனாலும் இதைத் தாண்டாமல் நியாயம் பேச முடியாது. 2022-ல் போட்ட ஒப்பந்தத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரு வருஷப் பிரீமியம் 849 ரூபாய். அதற்குப் பதிலாக 5 லட்சம் வரை சிகிச்சை. அப்பாவுக்கு எழுதிய ஊசி ஒன்றரை லட்சம் என்றால், மூன்று ஊசியில் நாலரை லட்சம் போய்விடும். நாலாவது ஊசிக்கு அட்டை காலி. வருஷம் முழுக்கப் போட்டால் 17 ஊசி, 25,50,000 ரூபாய். அதை 849-ஆல் வகுத்துப் பாருங்கள், 3,003 வருகிறது. மூவாயிரம் குடும்பத்தின் பிரீமியம் ஒருவருடைய ஒரு வருஷ மருந்துக்கு. இந்தக் கணக்கைப் போடுகிறவனைக் கல்நெஞ்சக்காரன் என்று திட்டலாம், நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் கணக்கைப் போடாமல் விட்டால் அந்தப் பணம் வானத்திலிருந்து வருவதில்லை. பனையிலிருந்து விழுந்து முதுகெலும்பு உடைந்தவருக்கும், குளச்சலில் கரை சேரும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த மீனவருக்கும் போக வேண்டியதிலிருந்துதான் கழியும். அவர்கள் இப்போது நம் எதிரில் நின்று பேசவில்லை, அதனால் நம் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

டயாலிசிஸ் ஏன் உள்ளே, இது ஏன் வெளியே என்பதற்கும் பதில் இதிலேயே இருக்கிறது. டயாலிசிஸ் ஒரு தடவைக்கு ஆகிற செலவு சில ஆயிரத்துக்குள் அடங்கும். நிறுத்தினால் பெரும்பாலும் சில நாள், சில வாரம். தொடர்ந்தால் பல வருஷம். பலன் எவ்வளவு என்பதில் சந்தேகமே கிடையாது. அதோடு 2016-லிருந்து தேசிய டயாலிசிஸ் திட்டம் என்று ஒன்று தனியாகவும் ஓடுகிறது. உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் யாரையும் பிடித்துச் சலுகை வாங்கவில்லை தம்பி. அவர் மேல் கோபம் வேண்டாம்.

ஆனால் டயாலிசிஸே எல்லா நாட்டிலும் எல்லாருக்கும் கிடைத்துவிடவில்லை. தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்தில் தியாகராஜ் சுப்பிரமணி என்று ஒருவர். பெயரைப் பார்த்தாலே வேர் எங்கே என்று தெரிகிறது. 41 வயது, வேலை இல்லை, சர்க்கரை, இதய நோய், அதோடு சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. அரசு ஆஸ்பத்திரியில் இருந்தது இருபது இயந்திரம். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தத் தகுதி உள்ளவர்களுக்குத்தான் தொடர்ந்து டயாலிசிஸ் என்று விதி. இதய நோய் இருந்ததால் இவருக்குத் தகுதி இல்லை. ‘அவசரச் சிகிச்சையை யாருக்கும் மறுக்கக் கூடாது என்று அரசியல் சாசனமே சொல்கிறதே’ என்று வழக்குப் போட்டார். 1997 நவம்பரில் அந்த நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. இது திடீரென்று வந்த அவசரம் அல்ல, நாள்பட்ட நோய்; இருக்கிற இயந்திரத்தைப் பகிர்வதற்கு ஆஸ்பத்திரி ஒரு விதி வைத்திருக்கிறது, அந்த விதி அறிவுக்கு ஒத்தது, எல்லாருக்கும் ஒரே மாதிரி பயன்படுத்தியிருக்கிறார்கள், அதனால் நாங்கள் தலையிட மாட்டோம் என்றார்கள். சில நாளில் அவர் இறந்துபோனார். இந்தத் தீர்ப்பை முதல் தடவை படித்தபோது எனக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. இரண்டாவது தடவை படித்தபோதுதான் ஒன்று பிடிபட்டது. ஆஸ்பத்திரி ஜெயித்தது காசில்லை என்று சொன்னதால் அல்ல. எழுதி வைத்த விதி இருந்தது, அதை யாருக்காகவும் வளைக்கவில்லை, அதனால்தான். அந்த ரெண்டில் ஒன்று இல்லாமல் இருந்திருந்தால் வழக்கின் போக்கே வேறாக இருந்திருக்கலாம்.

நம் நாட்டு நீதிமன்றங்களும் ஏறக்குறைய இதே ரெண்டு கரைக்கு நடுவில்தான் ஓடுகின்றன. ஒரு கரை 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு கூலித் தொழிலாளியை அரசு ஆஸ்பத்திரி ஒவ்வொன்றாக ‘படுக்கை இல்லை’ என்று திருப்பி அனுப்பியது. கடைசியில் தனியாரில் சேர்ந்து பிழைத்தார். உயிர் காக்கும் அவசரச் சிகிச்சை அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவின் (உயிர் வாழும் உரிமை) கீழ் உரிமை, பணம் இல்லை என்று அரசு தப்பிக்க முடியாது என்று சொல்லி 25,000 ரூபாய் இழப்பீடும் கொடுக்க வைத்தார்கள். மறு கரை 1998-ல் வந்த பஞ்சாப் வழக்கு. அரசு ஊழியரின் மருத்துவச் செலவை எவ்வளவு வரை திருப்பித் தருவது என்று அரசு வரம்பு வைக்கலாம், எந்த அரசின் கையிலும் அள்ளக் குறையாத பணம் கிடையாது என்று அதே உச்ச நீதிமன்றம் சொன்னது. அவசரம் என்றால் முதல் தீர்ப்பு கை கொடுக்கும். அப்பாவின் நிலை போல நாள்பட்ட நோய்க்கு விலை கூடிய மருந்து என்றால் இரண்டாவது தீர்ப்பு குறுக்கே வந்து நிற்கும்.

இதற்கு நடுவிலும் சில கதவுகள் திறந்திருக்கின்றன. 2014-ல் டெல்லி உயர் நீதிமன்றம், கோஷே என்ற அரிய நோய் வந்த ஒரு ஏழைக் குழந்தைக்கு மருந்து கொடுக்கச் சொல்லி டெல்லி அரசுக்கு உத்தரவிட்டது. 2018-ல் உச்ச நீதிமன்றம், ஓய்வுபெற்ற ஒரு மத்திய அரசு ஊழியர் வழக்கில், பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரிக்குப் போனார் என்ற ஒரே காரணத்துக்காகப் பணத்தை மறுக்க முடியாது, உண்மையில் சிகிச்சை எடுத்தாரா, அது தேவைப்பட்டதா என்றுதான் பார்க்க வேண்டும் என்றது. அது ஊழியர்களுக்கான திட்டம், நம் அட்டைக்கு அப்படியே பொருந்தாது, ஆனால் வக்கீல் கையில் கொடுத்தால் பயன்படுத்துவார். 2017 மனநலச் சட்டம் இன்னொன்று: உடல் நோய்க்குக் காப்பீடு கொடுக்கிற கம்பெனி மன நோய்க்கும் அதே அடிப்படையில் கொடுக்க வேண்டும். அதாவது பட்டியல் போடுகிறவர் தன் இஷ்டத்துக்கு ஒரு கூட்டத்தையே வெளியே தள்ள முடியாது.

வெளிநாட்டில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்தால் நமக்குப் பிடிக்கிறதும் உண்டு, பிடிக்காததும் உண்டு. அமெரிக்காவில் ஓரிகான் மாகாணம் ஏழைகளுக்கான திட்டத்தில் எல்லாச் சிகிச்சையையும் வரிசைப்படுத்தி, காசு இருக்கிற இடம் வரைக்கும் கோடு போடுவோம் என்று இறங்கியது. 1990-ல் கணக்குப் போட்டு வந்த முதல் வரிசையில் பல்லுக்குத் தொப்பி போடுவது குடல்வால் ஆபரேஷனுக்கு மேலே வந்து உட்கார்ந்துவிட்டது! குடல்வால் வெடித்தால் ஆள் போய்விடும் என்பது நம் ஊர் ஆச்சிக்குக்கூடத் தெரியும். செலவுக்குத் தகுந்த பலன் என்று மட்டும் கணக்குப் போட்டால் இப்படித்தான் வரும். திருத்தி அனுப்பியதையும் 1992-ல் மத்திய அரசு திருப்பி அனுப்பியது. மாற்றுத்திறனாளியின் வாழ்க்கைக்கு மதிப்புக் குறைவு என்ற எண்ணம் அந்தக் கணக்குக்குள் ஒளிந்திருக்கிறது, அது சட்டத்துக்கு விரோதம் என்று காரணம் சொன்னார்கள். மறுபடி திருத்தி 1994-ல்தான் நடைமுறைக்கு வந்தது.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஜெர்மனியின் வழி. அங்கே டாக்டர்கள், ஆஸ்பத்திரிகள், காப்பீட்டு நிறுவனங்கள் எல்லாம் உட்கார்ந்த ஒரு கூட்டுக் குழுதான் எது உண்டு, எது இல்லை என்று முடிவு செய்கிறது, நோயாளிகளின் பிரதிநிதிகளும் கூட உட்காரலாம், காரணம் எழுத்தில் வெளிவரும். 2005 டிசம்பர் 6-ல் அரசியல் சாசன நீதிமன்றம் அதற்கு மேலே ஒன்று சேர்த்தது: உயிருக்கு ஆபத்தான நோய், வழக்கமான மருத்துவத்தில் வேறு வழி இல்லை, கேட்கிற சிகிச்சையில் சிறிதாவது பலன் கிடைக்கும் வாய்ப்பு இருக்கிறது என்றால், பட்டியலில் இல்லை என்று மட்டும் சொல்லி மறுக்கக் கூடாது. பிறகு அதையே சட்டமாகவும் எழுதினார்கள். எல்லாருக்கும் ஒரே பட்டியல், ஆனால் கடைசி வழியில் நிற்பவனுக்கு மட்டும் ஒரு சின்னக் கதவு. நம் திட்டத்திலும் அந்த வாசனை கொஞ்சம் இருக்கிறது. மத்திய திட்டத்தின் விதியில் பட்டியலில் பெயர் இல்லாத ஆபரேஷனுக்குத் தனி அனுமதி வாங்க வழி உண்டு. ஆனால் மருந்துக்கு அப்படி ஒரு வழி வைக்காமல் விட்டார்கள். புற்றுநோயில் இன்றைக்குக் கத்தியைவிட மருந்துதான் வேகமாக மாறுகிறது, இது ஒரு பழைய காலத்து யோசனை என்றே சொல்வேன்.

இப்போது அப்பாவின் ஊசிக்கு வருகிறேன், இதை டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள். மும்பை டாடா நினைவு மருத்துவமனை டாக்டர்கள் தலை, கழுத்துப் புற்றுநோய் முற்றிய நோயாளிகள் 151 பேரிடம் ஒரு ஆய்வு செய்து 2022-ல் வெளியிட்டார்கள். வாய்ப் புற்றுநோயும் இந்த வகைதான். ஒரு பாதிப் பேருக்கு விலை குறைந்த மாத்திரைகள் மட்டும். மறு பாதிக்கு அதே மாத்திரைகளோடு நிவோலுமாப் என்ற இம்யூனோதெரபி ஊசி, ஆனால் மூன்று வாரத்துக்கு வெறும் 20 மில்லிகிராம். வழக்கமாக ஒரு தடவைக்குப் போடுவது 240 மில்லிகிராம், பன்னிரண்டு மடங்கு. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 16.3 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். குறைந்த டோஸ் ஊசியும் சேர்த்து எடுத்தவர்களில் 43.4 சதவீதம். முழு டோஸுக்கு இது சமமா என்று அந்த ஆய்வு பார்க்கவில்லை. முழு டோஸ் வாங்க வக்கில்லாத நாட்டில் என்ன செய்யலாம் என்றுதான் பார்த்தது. அப்பாவுக்கு ஒத்து வருமா என்று அவருடைய டாக்டர்தான் சொல்ல வேண்டும், நான் சொல்லக் கூடாது. ஆனால் பன்னிரண்டில் ஒரு பங்கு மருந்து என்றால் மேலே போட்ட 3,003 குடும்பக் கணக்கு எங்கே போகிறது என்று பாருங்கள். ஒரே வகை மருந்து, ஒரே வகை நோய், கேள்வியை மாற்றிக் கேட்டால் பதிலும் மாறுகிறது. இப்படி ஒரு ஆய்வு வந்த உடனே, ‘இதைப் பட்டியலில் எடுங்கள்’ என்று டாக்டரோ நோயாளியோ மனு கொடுக்க ஒரு இடமும், இத்தனை மாதத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும் என்று ஒரு கெடுவும் இருந்தால் அதுதான் நியாயமான பட்டியல். ஆயிரம் சிகிச்சை இருக்கிறதா ரெண்டாயிரம் இருக்கிறதா என்பதெல்லாம் விளம்பரத் தட்டிக்குத்தான்.

நம் மாவட்டத்துக்கு என்று இன்னொரு சிக்கலும் உண்டு. பெரிய நோய் என்றால் நமக்குச் சென்னை, மதுரை அல்ல, திருவனந்தபுரம்தான் முதலில் ஞாபகம் வரும்; மார்த்தாண்டத்தில் பஸ் ஏறினால் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கு ரெண்டு மணி நேரம்கூட வேண்டாம். ஆனால் களியக்காவிளையைத் தாண்டினால் வேறு அரசு, வேறு பட்டியல். பாறசாலைக்காரருக்குக் கேரளத்தின் காருண்யா திட்டம், நமக்குத் தமிழ்நாட்டுத் திட்டம். நடுவில் ஒரு சோதனைச் சாவடி. ‘ஒரே நோய்க்கு ரெண்டு நியாயமா, எல்லாரும் சமம் என்கிற 14-ஆவது பிரிவு என்ன ஆனது’ என்று கேட்டால், பொதுச் சுகாதாரமும் ஆஸ்பத்திரியும் அரசியல் சாசனத்தில் மாநிலங்களின் பொறுப்பில் வருகிற விஷயம், ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக முடிவு செய்யலாம் என்பதுதான் பதில். அதனால் அந்தப் பக்கம் போவதற்கு முன்னால் ஒன்றைப் பாருங்கள்: உங்கள் குடும்பம் மத்திய திட்டப் பயனாளியா, மாநிலத் திட்டத்தில் மட்டும் சேர்ந்ததா? மத்திய திட்டம் நாடு முழுக்க அதில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் செல்லும். மாநில அட்டையை வைத்துக்கொண்டு அந்த நம்பிக்கையில் போகாதீர்கள். என் டெஸ்க்குக்கு அழுதுகொண்டு திரும்பி வந்தவர்களில் பாதிப் பேர் இதைக் கேட்காமல் போனவர்கள்தான்.

இனி செய்ய வேண்டியது. முதலில் ‘லிஸ்டில் இல்லை’ என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்னதை எங்கேயும் கொண்டுபோய்க் காட்ட முடியாது. எழுத்தில் கேட்ட உடனே பாதி இடத்தில் காரணமே மாறும், அதுவும் என் அனுபவம். உண்மையிலேயே பட்டியலில் இல்லாமல் இருக்கலாம். பட்டியலில் இருந்தும் அந்த ஆஸ்பத்திரிக்கு அந்தப் பிரிவில் அனுமதி இல்லாமல் இருக்கலாம். அரசு ஆஸ்பத்திரிக்கு மட்டும் ஒதுக்கியதாக இருக்கலாம். இல்லை ஏதோ ஒரு பயாப்ஸி ரிப்போர்ட்டை ஸ்கேன் செய்து ஏற்றாததாகக்கூட இருக்கலாம். அரசு ஆஸ்பத்திரிக்கு ஒதுக்கியது என்றால் ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் காப்பீட்டுப் பிரிவைப் போய்ப் பாருங்கள், அங்கேயிருந்து எங்கே அனுப்ப வேண்டும் என்று அவர்கள் எழுதிக் கொடுப்பார்கள். 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கூப்பிட்டுப் புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் மனு. திட்டத்துக்கு மாவட்ட அளவில் கலெக்டர் தலைமையில் குறைதீர்ப்புக் குழு உண்டு. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுவைக் கொடுத்து ரசீது வாங்குங்கள். மனுவில் அழுகை வேண்டாம். டாக்டர் கைப்பட மூன்று விஷயம் இருக்க வேண்டும்: இதுவரை என்னென்ன சிகிச்சை தோற்றது, இனி வேறு வழி ஏன் இல்லை, கேட்கிற மருந்தால் என்ன பலன் எதிர்பார்க்கிறார், எந்த ஆய்வை வைத்து. இந்த மூன்றும் இருந்தால்தான் பின்னாடி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு ரிட் மனு போனாலும் வழக்கு நிற்கும். நாகர்கோவில் கோர்ட் வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வருமானம் குறைந்தவர்களுக்கு வக்கீல் இலவசம். இதே நேரத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் போடுங்கள்: இந்த மருந்தைச் சேர்ப்பது பற்றி எந்தக் குழு எப்போது பேசியது, கூட்டக் குறிப்பின் நகல் வேண்டும் என்று. பேசவே இல்லை என்று பதில் வந்தால் அதுவும் உங்கள் கையில் ஒரு ஆயுதம்தான். முதலமைச்சர் பொது நிவாரண நிதி, பிரதமர் தேசிய நிவாரண நிதி ரெண்டுக்கும் விண்ணப்பம் தனியாகப் போகட்டும், ஒன்றுக்காக இன்னொன்று காத்திருக்க வேண்டாம்.

கடைசியாக, கேட்காத ஒன்று. அப்பாவுக்கு வலி எப்படி இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. வாய்ப் புற்றுநோய் திரும்பி வந்தால் சாப்பிட முடியாத அளவுக்கு வலி இருக்கலாம், நம் ஊர் ஆண்கள் அதைச் சொல்லவும் மாட்டார்கள். ஊசி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் வலிக்கு மார்ஃபின் மாத்திரை உண்டு, விலை குறைவு, எந்த லிஸ்டிலும் இருக்கத் தேவையில்லை, உரிமம் உள்ள ஆஸ்பத்திரியில் டாக்டர் சீட்டு எழுதினால் போதும். மனு திங்கட்கிழமை கொடுக்கலாம். இதை நாளைக் காலையிலேயே டாக்டரிடம் கேளுங்கள்.